துரைக்கு ஒரு முகவரி

மாமல்லபுரம்,
11-6-2025

பெருமதிப்பிற்குரிய அண்ணி அவர்களின் சமூகத்திற்கு, ஜாய்ஸ் பணிவன்புடன் எழுதிக்கொள்வது.

தங்கள் கடிதம் மே மாதம் இருபதாம் தேதியே என் கைக்கு வந்து சேர்ந்தது. இருபத்திரண்டு நாள் கழித்து மறுமொழி எழுத அமர்ந்திருக்கிறேன். தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும். காரணம் சோம்பல் அன்று. என் அண்ணன் ஜெரோம் மறைந்த இந்த ஏழு மாதங்களில் அவர் பெயரை மையெழுத்தில் கண்டது தங்கள் கடிதத்தில்தான். அதை மடித்து விவிலியத்துக்குள் வைத்தேன், எடுத்தேன், மீண்டும் வைத்தேன். நாட்கள் அவ்வாறே கழிந்தன.

குன்னூர்க் குளிரில் தங்கள் மூட்டுவலி எவ்வாறு உள்ளது? மகள் ஸ்வாதி புனேயிலிருந்து தவறாமல் பேசுகிறாளா? இவ்விடம் யாவரும் நலம்.

தாங்கள் கேட்டதற்கு என் விடை, ஆம். டிசம்பரில் வீட்டைக் காலி செய்து ஸ்வாதியிடம் குடிபோவதாகவும், பதினோராவது மாடியில் ஆமை வளர்க்க இயலாது என்றும் எழுதியிருந்தீர்கள். அண்ணன் பதினான்கு ஆண்டுகள் வளர்த்த அந்த ஜீவனை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதியதுகூடச் சரியில்லை. வேண்டுகிறேன். அவர் எழுதிய கடிதங்களைத் தவிர, அவர் கை பட்ட பொருள் ஒன்றும் என்னிடம் இல்லை.

இடத்தைக் குறித்துத் தாங்கள் கவலைகொள்ள வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நம் இல்லத்தின் பின்புறத் தோட்டம் விசாலமானது. பூவரசு ஒன்றும் கொய்யா இரண்டும் நாவல் ஒன்றும் நிற்கின்றன. மாலையில் கடற்காற்று எழும்போது நிழல்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, தோட்டமே நீருக்கடியில் கிடப்பதுபோல் அசையும். அந்த அசைவுக்குள் ஆமை ஒன்று மெல்ல நடந்து போவதை இப்போதே காண்கிறேன்.

தொலைபேசியில் பேசலாமே என்று கேட்டிருந்தீர்கள். தொலைபேசியில் நான் சிந்திப்பதற்கு முன் பேசிவிடுவேன். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், பிறகு தமிழை நானே முயன்று கற்றது எழுதுவதற்காகவே. ஆகவே, அந்த ஜீவனின் உணவு, உறைவிடம், குணம் யாவற்றையும் விரிவாக எழுதியருளுங்கள்.

தங்கள் அன்பை நாடும்,
ஜாய்ஸ்

✻

குன்னூர்,
23-6-2025

அன்புள்ள ஜாய்ஸ்,

மூட்டுவலி இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. முப்பத்தொரு வருஷம் தபாலாபீசில் மற்றவர்கள் கடிதத்துக்கு முத்திரை குத்தினவள் நான். எனக்கென்று இவ்வளவு அழகான கடிதம் ஒன்று வந்ததில்லை. அதனால் எழுதுகிறேன், தொலைபேசி வேண்டாம்.

துரையைப் பற்றிச் சொல்கிறேன். அதன் பெயர் அதுதான். தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது உங்கள் அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனது. "எங்க அப்பன் ஆண்டை முன்னாடி துண்ட இடுப்புல கட்டிக்கினு நின்னான். என் முன்னாடி தொரையே தலைய உள்ள இஸ்துக்கறாரு பாரு" என்று இவர் சிரிப்பார்.

அது நம்மூர் ஆமை இல்லை. ஆப்பிரிக்கக் காட்டு இனம், வனத்துறையில் முறையாகப் பதிந்திருக்கிறது. ஒரு சாண் நீளம், காய்ந்த இலையின் நிறம். ஓட்டின் பின்பகுதியில் கதவுக்கு இருப்பதுபோல் ஒரு கீல் இருக்கிறது. பயந்தால் பின்பக்கத்தை இறக்கிக் கால்களை மூடிக்கொள்ளும். முன்பக்கம் மூடாது, கையிரண்டையும் முகத்துக்கு நேரே மடித்துக்கொண்டு, நாம் போகும்வரை அப்படியே இருக்கும். வெட்கப்படுகிற பிராணி. தூக்கிக் கொஞ்சக் கூடாது.

கடையில் வாங்கின காளான், மண்புழு, நத்தை, பழுத்து விழுந்த கொய்யா சாப்பிடும். வாழைப்பழம் கறுத்து அழுகத் தொடங்கினால் தேடி வரும். எப்போதும் ஈரமும் சருகும் நிழலும் வேண்டும். நேர்வெயில் ஆகாது. சுற்றுச்சுவர் ஒரு அடி மண்ணுக்குள்ளும் இறங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் தோண்டிக்கொண்டு போய்விடும். வெளியே தெரிகிற கம்பிவலை வேண்டாம். தெரிந்தால் அந்தப் பக்கம் போக நாளெல்லாம் முட்டிக்கொண்டே இருக்கும்.

எந்த நேரத்தில் எங்கே நிழல் விழுகிறது என்று அளந்து எழுதுங்கள். அவர் இருந்திருந்தால் முதலில் இதைத்தான் கேட்டிருப்பார்.

பிரபாவதி

✻

மாமல்லபுரம்,
6-7-2025

பெருமதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு வணக்கம்.

தாங்கள் கேட்டபடி என் உடல்நலம் குறித்து ஒரு வரி. நன்று.

நிழலை ஐந்து நாள் அளந்தேன். குச்சிகள் நட்டு, மணிக்கொரு முறை சுண்ணாம்புப் பொட்டு வைத்தேன். காலை ஏழு முதல் பத்தரை வரை பூவரசின் நிழல் மேற்கு மூலையில் தங்குகிறது. நண்பகலில் நாவல் மரத்தடியில் ஒரு பாய் விரிக்கும் அளவு. மூன்று மணிக்குப் பின் தோட்டம் முழுவதும். ஆகவே நாவலடியே துரையின் இருப்பிடம் என்று தீர்மானித்தேன்.

அவ்விடத்தில் மூன்றடி ஆழத்தில் ஒரு தொட்டி வெட்டச் செய்துள்ளேன். அடியில் கடல்மணல் பரப்பியாயிற்று. இக்கரையில் பிறந்தவளுக்கு ஆமையின் தேவை என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை அல்லவா? தை, மாசியில் முட்டையிடக் கரையேறும் ஆமைகளைப் பார்த்தே வளர்ந்தேன். வாரம் இரண்டு குடம் கடல்நீர் கொண்டுவந்து ஊற்றவும் ஏற்பாடு செய்துள்ளேன். ஊர் நினைவு வராமல் இருக்கும்.

பக்கத்துச் சிற்பப் பட்டறையின் உலகநாதன் மதில்மேல் கையூன்றி நின்று பார்த்தார். அவர் பேச்சைத் திருத்தாமல் தருகிறேன்.

"இன்னா யக்கா, பள்ளம் தோண்டிகினு கீற? போரா?"

"இல்லை உலகநாதன். ஆமைக்கு நீர்நிலை அமைக்கிறேன்."

"எந்த ஆம? கரையில முட்டை வுடுமே, அதா? அத்தப் புட்ச்சா உள்ள தள்ளிடுவான் யக்கா!"

"இது ஆப்பிரிக்க ஆமை. முறையாகப் பதிவு பெற்றது."

"ஆப்பிரிக்காவா! நீ பேசற தமிழு எங்களுக்கே பாதிதான் புரியுது. அது பாவம் இன்னா பண்ணும்?"

தொட்டியில் நீர் நிரம்பிய அன்று மாலை வானம் முழுவதும் அதற்குள் இறங்கிவிட்டது. துரை அதில் மிதந்தபடி மேகங்களைக் கலைப்பதாக எண்ணிக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

தங்கள் ஒப்புதலை எதிர்நோக்கும்,
ஜாய்ஸ்

✻

குன்னூர்,
15-7-2025

அன்புள்ள ஜாய்ஸ்,

இந்தக் கடிதம் கிடைத்ததும் முதலில் தண்ணீரை இறைத்துவிடுங்கள். மற்றதைப் பிறகு படியுங்கள்.

துரைக்கு நீந்தத் தெரியாது. இது தரையில் வாழ்கிற ஆமை. மூன்றடித் தண்ணீரில் விட்டால் கல் மாதிரி அடிக்குப் போய் உட்கார்ந்துவிடும். தெரிந்துதான் சொல்கிறேன். வந்த முதல் வாரம் உங்கள் அண்ணனும் இதையே செய்தார். துணி துவைக்கிற தொட்டியில் விட்டுவிட்டு, "பாரு பிரபா, எப்படி நீந்தறாருன்னு" என்று என்னைக் கூப்பிட்டார். நான் வந்து பார்க்கும்போது அவர் தோள்வரை நனைந்துகொண்டு தேடிக்கொண்டிருந்தார். ஒரே ரத்தம் என்பது சரியாகத்தான் இருக்கிறது.

கடல்மணல் வேண்டவே வேண்டாம். உப்பு கண்ணுக்கும் தோலுக்கும் ஆகாது. செம்மண்ணும் தென்னை நார்த்தூளும் கலந்து, மேலே சருகைப் போடுங்கள். தண்ணீருக்கு ஒரு தட்டு போதும். துரை அதில் நின்றால் தாடைக்குக் கீழேயே தண்ணீர் நிற்க வேண்டும்.

நிழலை அளந்த விதத்தை ஸ்வாதிக்குப் படித்துக் காட்டினேன். சுண்ணாம்புப் பொட்டு என்றதும் அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னாள். அவள் அப்பாவும் அப்படித்தான் வைப்பார்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

பிரபாவதி

✻

மாமல்லபுரம்,
3-8-2025

பெருமதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

தங்கள் மூட்டுவலிக்கு ஆடிக் காற்று ஒத்துக்கொள்கிறதா? இவ்விடம் நலம்.

தொட்டி தூர்க்கப்பட்டது. அதைக் குறித்த என் முந்தைய விவரிப்பைத் தாங்கள் வாசிக்கவே இல்லை என்று கருதிக்கொள்ள வேண்டுகிறேன்.

நீர்த்தட்டை உலகநாதனே ஒரு கழிவுப் பலகைக் கல்லில் குடைந்து கொடுத்தார். "சாமி செலைக்குக்கூட இவ்ளோ அளவு கேக்க மாட்டாங்க யக்கா. ஆமையோட தாடை எவ்ளோ உசரம்னு நான் எங்க போய் அளக்கறது?" என்று சலித்துக்கொண்டார். ஆனால் விளிம்பை ஏறி இறங்க வசதியாக நான்கு பக்கமும் சரித்து, உள்ளே கால் வழுக்காதிருக்க மெல்லிய கொத்தல் போட்டிருக்கிறார். நான் கேட்காததை அவர் செய்தார்.

மண் மாற்றியாயிற்று. சுவர் ஓரடி ஆழம் இறங்கி, ஒன்றரையடி எழுந்து நிற்கிறது. கரையில் ஒதுங்கும் கணவாய் ஓடுகளைப் பொறுக்கி, மூன்று நாள் நல்ல நீரில் ஊறவைத்து உப்பெடுத்து, காயவைத்துள்ளேன். ஓட்டு உறுதிக்கு அதைக் கடிக்கக் கொடுக்கலாம் என்று நூலகத்தில் ஒரு நூலில் படித்தேன். இம்முறை தங்களிடம் கேட்டுவிட்டே கொடுப்பேன்.

ஜூலை இருபது முதல் ஒத்திகை பார்க்கிறேன். காலை ஆறரைக்குச் சருகின்மேல் நீர் தெளித்தல், தட்டின் நீரை மாற்றுதல், பழம் வைத்தல். மாலை ஐந்தரைக்கு மீண்டும். துரை வரும் நாளில் என் கைகள் தடுமாறக் கூடாது அல்லவா?

"ஆளே இல்லாத வூட்டுக்குத் தண்ணி தெளிச்சிகினு கீறியே யக்கா" என்கிறார் உலகநாதன்.

இல்லாத ஆமைக்கு வைத்த கொய்யாவை அணில் எடுத்துப் போகிறது என்பதை அறிவேன். ஆயினும் மறுநாள் காலை தட்டருகே வெறும் காம்பைக் காணும்போது, இரவு யாரோ வந்து உண்டு சென்றதைப் போன்ற மனநிறைவு உண்டாகிறது. நேற்று மாலை சருகு ஒன்று தானாக நகர்ந்தது. ஓணான்தான். ஆனால் நான் எழுந்து நின்றுவிட்டேன், வீட்டுக்கு மூத்தவர் வந்ததுபோல.

அன்புடன்,
ஜாய்ஸ்

✻

குன்னூர்,
20-8-2025

அன்புள்ள ஜாய்ஸ்,

கணவாய் ஓடு தாராளமாகக் கொடுக்கலாம். அவர் கோயம்புத்தூரிலிருந்து காசு கொடுத்து வாங்கி வருவார். உங்களுக்கு அது காலடியில் கிடக்கிறது.

நேற்று இங்கே தூறல். இரண்டு நாளாகச் சருகுக்குள் புதைந்து கிடந்த துரை, முதல் துளி ஓட்டில் விழுந்ததும் கழுத்தை நீட்டி எழுந்து நின்றது. மழையில் மட்டும் அது வேறு ஆள். யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் நேரே நடக்கும், சுவர் வந்தால் நின்று சுவரைப் பார்க்கும், திரும்பி மறுபடி நடக்கும். பனிமூட்டம் வந்து மூடினபோது எனக்குச் சுவரும் தெரியவில்லை. துரை மட்டும் மேகத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. இவர் இருந்தால் குடையோடு கூடவே நடப்பார், தான் நனைந்துகொண்டு.

காரியத்துக்கு வருகிறேன். வெளிநாட்டு இனம் என்பதால் யார் வளர்க்கிறார், எந்த இடத்தில் என்று வனத்துறையில் பதிந்தாக வேண்டும். இவர் பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு மாற்ற ஸ்வாதி இணையத்தில் படிவம் நிரப்புகிறாள். உங்கள் ஆதார் நகல் வேண்டும். இடம் உங்கள் பெயரில் இருப்பதற்கு வீட்டுவரி ரசீதோ பட்டாவோ ஒரு நகல் வேண்டும். வேறொருவர் இடம் என்றால் அவருடைய ஒப்புதல் கடிதம் கேட்பார்களாம். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை என்று அவளிடம் சொல்லிவிட்டேன். சீக்கிரம் அனுப்புங்கள்.

பிரபாவதி

✻

குன்னூர்,
22-9-2025

அன்புள்ள ஜாய்ஸ்,

ஒரு மாதமாகிவிட்டது. உடம்புக்கு ஏதாவதா? இல்லை, என் கடிதம் வந்து சேரவில்லையா? முப்பத்தொரு வருஷம் அந்த வேலை பார்த்தவள், கடிதம் தொலையும் என்று நம்ப எனக்கு மனசு வரவில்லை.

ஸ்வாதி அவசரப்படுகிறாள். பெங்களூரில் ஒருவர் இதே இனம் இரண்டை வளர்க்கிறாராம். பெரிய தோட்டம், காகிதமெல்லாம் தயாராக வைத்திருக்கிறாராம். அவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. எனக்கு உங்கள் நாவல் மரத்தடிதான் கண்ணில் நிற்கிறது. அக்டோபர் பதினைந்துக்குள் ஒரு வரி எழுதுங்கள்.

பிரபாவதி

✻

மாமல்லபுரம்,
29-9-2025

அண்ணி அவர்களுக்கு,

தங்கள் இரு கடிதங்களும் வந்தன. தபால் துறையின்மேல் குற்றமில்லை.

நாவல் மரம் என்னுடையதன்று. பூவரசும் கொய்யாவும் வீடும் என்னுடையவை அல்ல. சென்னையில் இருக்கும் சதாசிவம் என்னும் கனவான் ஒருவருக்கு இது விடுமுறை இல்லம். ஆண்டுக்கு நான்கைந்து முறை குடும்பத்தோடு வருவார். பத்தொன்பது ஆண்டுகளாக நான் இதன் காவலாளி. பெருக்குகிறேன், நீரூற்றுகிறேன், வாயிற்கதவைத் திறந்து மூடுகிறேன். பின்கட்டில் எனக்கு ஓர் அறை உண்டு. "இவ்விடம் யாவரும் நலம்" என்று எழுதிய அந்த யாவரும் நான் ஒருத்தியே.

வேலைக்கு வந்த மறு ஆண்டு, கடலோரத்தில் வீடு வாங்கிவிட்டதாக அண்ணனுக்கு எழுதினேன். அவர் மகிழ்ந்து எழுதிய மறுமொழி இரண்டு பக்கம் இருந்தது. அதன்பின் உண்மையை எழுத வழியில்லாமல் போயிற்று. வருகிறேன் என்று அவர் எழுதிய ஒவ்வொரு முறையும் வெள்ளையடிப்பு என்றேன், மராமத்து என்றேன், விருந்தினர் என்றேன். ஒரே ஒரு முறை வா என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

விநாயகர் சதுர்த்தி விடுமுறைக்குச் சதாசிவம் ஐயா வந்திருந்தார். பத்தொன்பது ஆண்டுகளில் முதன்முறையாக அவரிடம் ஒன்று கேட்டேன். அவர் தோட்டத்துச் சுவரையும் கல்தட்டையும் பார்த்துவிட்டு, கடிந்துகொள்ளாமல்தான் பேசினார்.

"ஜாய்ஸம்மா, நீங்க வேற எது கேட்டாலும் சரின்னுடுவேன். ஆமை மட்டும் வேண்டாம். வீட்டுக்கு ஆகாதுன்னு எங்க வீட்ல பயப்படுவாங்க. நாய் வேணா வளத்துக்குங்களேன்?"

"நன்றி ஐயா. நாய் தேவைப்படவில்லை" என்றேன்.

அவர் போனபின் சுவரை இடித்தேன். கல்தட்டை மட்டும் இன்னும் அகற்றவில்லை. இன்று காலை ஆறரைக்குக் கை தானாகவே தெளிப்பானை எடுத்துவிட்டது.

பெங்களூர்க்காரருக்குச் சம்மதம் கூறிவிடுங்கள். துரை அங்கு நலமாக வாழும். ஸ்வாதியிடம் இதைச் சொல்லாதிருக்க இயலுமானால் சொல்லாதிருங்கள்.

ஜாய்ஸ்

✻

குன்னூர்,
8-10-2025

ஜாய்ஸ்,

நீ என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் அண்ணனுக்குத் தெரியும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கூட வேலை பார்த்தவர் மகள் கல்யாணத்துக்குச் செங்கல்பட்டு போனார். அங்கிருந்து உனக்குச் சொல்லாமல் பஸ் ஏறி மாமல்லபுரம் வந்து, உறையில் நீ எழுதும் முகவரியைக் காட்டி விசாரித்து வந்திருக்கிறார். எதிர்ப்பக்கம் இளநீர்க் கடையில் நின்றுகொண்டிருக்கும்போது ஒரு பெரிய கார் வந்ததாம். நீ ஓடிவந்து கதவைத் திறந்தாயாம். பெட்டிகளை இறக்கினாயாம். அவருக்குப் புரிந்துவிட்டது. ரோட்டைத் தாண்டி வரலாமா வேண்டாமா என்று இளநீர்க் குடுக்கையைப் பிடித்துக்கொண்டே நின்றாராம்.

அப்போது அந்த வீட்டுக்காரர்களிடம் நீ சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. "தயவுகூர்ந்து புல்லின்மேல் நடவாதீர்கள், இன்றுதான் நீர் பாய்ச்சியிருக்கிறேன்." அவர்கள் எல்லோரும், அந்தப் பெரிய மனுஷர் உட்பட, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாகச் சுற்றிப் போனார்களாம்.

ஊருக்கு வந்ததும் என்னிடம் சொன்னார். அழுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "பிரபா, அந்த வூட்ல எல்லாரும் எங்க ஜாய்ஸு சொல்றதத்தான் கேக்கறாங்க. பத்திரம் யார் பேர்ல இருந்தா இன்னா?" என்றார். பிறகு, "அவளாச் சொல்றவரைக்கும் நமக்குத் தெரியாது" என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். அதற்கப்புறமும் வருகிறேன் வருகிறேன் என்று அவர் எழுதிக்கொண்டிருந்தது, நீ சொல்லட்டும் என்றுதான்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், துரையை ஜாய்ஸிடம் கொடு என்றவர் அவர்தான். இடம் இருக்கிறதா என்று நான் கேட்டேன். "எடத்த அவ பாத்துப்பா" என்றார். படிவத்தில் அந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்குக் கை ஓடவில்லை. கேட்டால் நீ குறுகிப்போவாய், கேட்காவிட்டால் துரை வர முடியாது. தெரியாதவள்போல் எழுதினேன். அது நல்ல காரியமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பெங்களூர்க்காரருக்கு நவம்பர் பதினைந்தாம் தேதிதான் பதில் சொல்வேன். அதற்குமேல் ஸ்வாதி காத்திருக்க மாட்டாள்.

பிரபாவதி

✻

ஜாய்ஸ்,
கதவிலக்கம் 27, சின்னேரி காலனி,
திருக்கழுக்குன்றம் வழி,
செங்கல்பட்டு மாவட்டம்.
2-11-2025

என் அன்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

தங்கள் மூட்டுவலி இம்மழையில் தணிந்திருக்க வேண்டுகிறேன். எனக்குச் சளியும் இருமலும் பத்து நாளாக உள்ளன. இது உண்மையான நலச் செய்தி.

தங்கள் கடிதத்தை வாசித்த மூன்றாம் நாள் இளநீர்க் கடைக்குச் சென்று, அண்ணன் நின்ற இடம் எதுவாக இருக்கும் என்று பார்த்தேன். அங்கிருந்து வாயிற்கதவு நன்றாகத் தெரிகிறது. பிறகு பேருந்து ஏறி இங்கு வந்தேன்.

மேலே எழுதியிருக்கும் முகவரி என்னுடையது. நிலமற்ற கூலிக் குடும்பங்களுக்கு அரசு வழங்கிய மனைகளில் ஒன்று. பெண் பெயரில்தான் தருவோம் என்றதால் என் பெயரில் வந்தது. மூன்று சென்ட். தொகுப்பு வீடு, ஓர் அறை. இவ்வளவு காலமும் பூட்டிக் கிடந்தது. அண்ணன் குன்னூரில் குடியேறிய பிறகு கிடைத்ததால் அவருக்கும் நான் சொல்லவில்லை. தபால்காரர் முன்னும் அந்த முகவரியை எழுத நான் கூசினேன். 'காலனி' என்ற ஒரு சொல்லைக் கண்டதும், நாம் யார், நம் தகப்பன் யார் வயலில் நின்றான் என்பதெல்லாம் கேளாமலே தெரிந்துவிடும். கடற்கரைச் சாலை என்று எழுதினால் எவரும் எதுவும் கேட்பதில்லை. அச்சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கப்போவதாக நாளிதழில் வாசித்தேன். நீக்குவதற்குள் ஒருமுறையேனும் என் கையால் முழுமையாக எழுதிவிட விரும்பினேன்.

இப்போது இடத்தைப் பற்றி. கூரை ஒழுகிய பகுதிக்குத் தார் பூசியாயிற்று. பின்புறம் மண்டிக் கிடந்த சீமைக்கருவேலத்தை வெட்டினோம். நடுவில் ஒரு புங்கமரம், யாரும் நடாமல் தானே வளர்ந்தது, காலை முதல் மாலை வரை இடம் பெயராமல் நிழல் தருகிறது. இங்கு சுண்ணாம்புப் பொட்டுக்கு வேலையே இல்லை. ஏரிக்கரை நூறடி தூரம். மண் எப்போதும் ஈரம்.

உலகநாதன் கல்தட்டையும் செங்கற்களையும், இவ்வூரார் குட்டியானை என்றழைக்கும் சிறு சுமைவண்டியில் ஏற்றி வந்தார். "ஆமை குடிபோவறதுக்குக் குட்டியானை வந்துகீது, பாரு யக்கா" என்று தெருவே கேட்கக் கூவினார். அண்டை வீட்டுப் பொன்னி வெளியே வந்தாள்.

"இன்னா ஜாய்ஸு, பங்களாவ வுட்டுட்டு வந்துட்ட? தொரத்திட்டாங்களா?"

"இல்லை பொன்னி. இங்கு ஒரு துரை வரவிருக்கிறார்."

"ஐய! இந்த வயசுலயா?"

தெருவே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அன்று மாலையே அவள் ஒரு கூடைச் சருகு கொண்டுவந்து கொட்டினாள். அவள் வீட்டில் அழுகும் பழமெல்லாம் துரைக்குத்தானாம்.

சதாசிவம் ஐயாவிடம், இனிக் காலை வந்து மாலை திரும்பிவிடுவேன் என்று கூறினேன். தங்கியிருக்கும் ஆள்தான் வேண்டும் என்கிறார்கள் அவர் வீட்டில். இம்மாத இறுதியில் முடிவு சொல்வார். வேண்டாம் என்றால் சாவியைக் கொடுத்துவிடுவேன். திருக்கழுக்குன்றத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதும் பெண்ணுக்குப் பிரசவ விடுப்பாம், கேட்டு வைத்திருக்கிறேன். இதில் தாங்கள் வருந்துவதற்கு ஒன்றுமில்லை.

சுவர் நேற்று முடிந்தது. ஓரடி மண்ணுக்குள். மழை காலை முதல் நிற்காமல் பொழிகிறது. ஏரி எது, வானம் எது என்று பிரித்தறிய இயலவில்லை. புங்கமரத்தடியில் சருகு முழுவதும் மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கிறது. இங்கு துரை நடக்கும்போது நானும் குடை பிடித்துக்கொண்டு உடன் நடப்பேன். தெருவில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லட்டும்.

பட்டா நகலும் ஆதார் நகலும் இத்துடன் உள்ளன. பட்டாவில் என் பெயர் மிகத் தெளிவாக அச்சாகியிருக்கிறது, ஸ்வாதி பார்க்கட்டும். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். தாங்களே துரையைக் கொண்டுவர வேண்டும். வீட்டில் கட்டில் ஒன்றுதான், அது தங்களுக்கு. கார் தெருமுனைக்கு மேல் வராது, அங்கேயே நிற்பேன்.

எந்த நாள் வருகிறீர்கள் என்று உடனே எழுதுங்கள்.

ஜாய்ஸ்